கடற்பாசி மாத்திரையில் அயடீன் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் பாமசி அலுமாரிகளிலும் கைபேசி விளம்பரங்களிலும் உடம்பு மெலிய வைக்கும் கடற்பொருட்களைக் காணாத நாளில்லை. பழுப்புக் கடற்பாசித் தூள் அடைத்த கப்சூல், இறால் கோதிலிருந்து எடுத்த கைட்டோசான், மீனெண்ணெய், கடலட்டைச் சாறு என்று வகை வகையாக வருகின்றன. கடலில் விளைந்தது, ஆய்வில் நிரூபிக்கப்பட்டது, பக்கவிளைவே இல்லை என்று மூன்று வாக்குறுதிகள் கூடவே வரும். முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவது பாதி சரி. மூன்றாவது பிழை, மலைநாட்டில் இருப்பவர்களுக்கு மற்றவர்களை விடவும் பிழை. அதற்கான காரணத்தைக் கணக்கோடு எழுத நினைத்தோம்.

ஆராய்ச்சி பொய்யல்ல என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஜப்பானியர் உண்ணும் வக்காமே, கோம்பு போன்ற பழுப்புப் பாசிகளுக்கு அந்த நிறத்தைத் தருவது ஃபியூகோசாந்தின் என்ற நிறமி. அதை எலிகளின் தீனியில் கலந்து கொடுத்தபோது வயிற்றுக் கொழுப்பு குறைந்ததை ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டார்கள். ஏன் குறைந்தது என்பதையும் காட்டினார்கள். வெண்கொழுப்பில் வழக்கமாகக் காணப்படாத யூசிபி1 என்ற புரதம் அங்கே தோன்றியிருந்தது. சாதாரணமாகக் கலத்தின் அடுப்புகளான இழைமணிகளில் கொழுப்பு எரியும்போது கிடைக்கும் சக்தியைக் கலம் ஏ.டி.பி. என்ற மூலக்கூறாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். யூசிபி1 இருக்கும் இடத்தில் அது பிடிபடாமல் வெப்பமாகப் போய்விடும். அடுப்பில் சட்டி வைக்காமல் விறகை எரிக்கிற மாதிரி.

சறுக்குவது அளவில்தான். இந்த வகைச் சோதனைகளில் தீனியின் எடையில் 0.2 வீதம் வரை ஃபியூகோசாந்தின் சேர்க்கப்பட்டது. 30 கிராம் எடையுள்ள சுண்டெலி நாளைக்கு 4 கிராம் தீனி தின்றால் 8 மில்லிகிராம் உள்ளே போகும். அதாவது உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 267 மில்லிகிராம். சுண்டெலியின் அளவை மனிதருக்கு மாற்ற மருந்தியலில் 12.3ஆல் வகுப்பார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம் ஆகிறது. உலர்ந்த பாசி ஒரு கிராமில் 1 மில்லிகிராம் நிறமி கிடைத்தாலே நல்ல சரக்கு என்பார்கள். ஆக, அந்த எலி பெற்றதை நாம் பெற வேண்டுமானால் தினமும் ஒரு கிலோவுக்கு மேல் காய்ந்த பாசி தின்ன வேண்டும். கப்சூலில் இருப்பது அரைக் கிராம் தூள்.

விழுங்கியதெல்லாம் இரத்தத்தில் சேருவதுமில்லை. இந்த நிறமி கொழுப்பில் கரைவது. எண்ணெய் இல்லாத வெறும் வயிற்றில் பெரும்பகுதி அப்படியே கழிந்துவிடும். வெளிச்சமும் சூடும் காற்றும் அதைச் சிதைக்கும் என்பதால், தூளை வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் ஒரு வருடம் வைத்திருந்தால் பெயர்ச்சீட்டில் எழுதியது உள்ளே இருக்காது. ஜப்பானில் ஒரு கிழமைக்குத் தினமும் 6 மில்லிகிராம் நிறமியுள்ள வதக்கிய வக்காமே சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் அதன் விளைபொருள் ஒரு லீற்றருக்கு ஒரு நானோமோல்கூடத் தேறவில்லை. ஆய்வுகூடத் தட்டில் கொழுப்புக் கலங்கள் மீது ஊற்றிப் பார்ப்பதோ பல மைக்ரோமோல். இரண்டுக்கும் இடையில் ஆயிரக்கணக்கான மடங்கு தூரம்.

தட்டுச் சோதனையில் இன்னொரு கண்ணியும் உண்டு. சுண்டெலியின் முன்கொழுப்புக் கலங்களுக்கு இன்சுலினும் டெக்ஸாமெதசோனும் இன்னும் ஒரு பொருளும் கொடுத்து அவற்றைக் கொழுப்புக் கலங்களாக மாற்றுவார்கள். பத்து நாள் அளவில் சிவப்புச் சாயமிட்டால் கொழுப்புத் துளிகள் செக்கச் செவேலென்று தெரியும். பாசிச்சாறு ஊற்றிய தட்டில் சிவப்பு குறைந்தால் வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் கலங்கள் நஞ்சேறிச் செத்தாலும் சிவப்பு குறையும். ஆகவே பக்கத்தில் உயிர்ப்புச் சோதனை செய்யாத கட்டுரையை நம்ப முடியாது. கடல் நீலப்பச்சைப் பாசிகளின் சேர்வைகளை வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் சோதிப்பது இதைவிட நேர்மையான வழி. குஞ்சு கண்ணாடி போலிருப்பதால், ஒளிரும் சாயமிட்டு, நீந்துகிற உயிரிலேயே கொழுப்பு குறைவதைப் பார்த்துவிடலாம். அதுவும் தொடக்கப் படிதான்.

மனிதர்களில் செய்யப்பட்டவற்றுள் விளம்பரக்காரர்கள் அதிகம் காட்டுவது 2010இல் வெளியான ஒரு சோதனை. நீரிழிவு இல்லாத, பருமனான 151 பெண்கள்; 16 வாரங்கள். தினம் 2.4 மில்லிகிராம் ஃபியூகோசாந்தின் கொண்ட தயாரிப்பைச் சாப்பிட்டவர்களின் எடை 5 கிலோ அளவில் குறைந்தது. ஆனால் அந்தத் தயாரிப்பில் பாதி மாதுளை விதை எண்ணெய். பங்குபற்றியவர்கள் உணவையும் நாளைக்கு 1800 கலோரிக்குள் வைத்திருந்தார்கள். கடையில் இருக்கும் வெறும் பாசித்தூளுக்கு அந்த முடிவை ஒட்ட முடியாது.

இப்போது அயடீனுக்கு வருவோம். கடிதத்தின் தலைப்பே அதுதான்.

மழை அதிகம் பெய்யும் மலைச்சரிவுகளிலும் ஈரவலயத்திலும் மண்ணில் உள்ள அயடீனை நீர் அடித்துச் சென்றுவிடும். 1980களில் பாடசாலைப் பிள்ளைகளிடையே பல மாவட்டங்களில் நடந்த ஆய்வில் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேருக்குக் கழுத்துக்கழலை இருந்தது. அதன் பிறகே 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. இன்று பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பிரச்சினை பெரிதும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் வளர்ந்து இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பவர்கள் தோட்டங்களில் நிறையப் பேர். அவர்களில் பலருக்குக் கழுத்தில் வெளியே தெரியாத சிறு முடிச்சுகள் இருக்கலாம். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பிக்கு ஹோர்மோன் சுரக்க அயடீன் வேண்டும்; அது கிடைக்காத வருடங்களில் சுரப்பி பெருத்து, சில முடிச்சுகள் மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் தாமாகச் சுரக்கப் பழகிவிடும். அயடீன் குறைவாக இருக்கும்வரை அவற்றால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. திடீரென்று அயடீன் வெள்ளமாக வந்தால் அவை அடங்காமல் சுரக்கத் தொடங்கும். தண்ணீர் வராத நாளில் திறந்தபடி விட்ட பைப்பு, தண்ணீர் வந்த இரவில் லயத்து வாசலை நனைப்பது போல.

எவ்வளவு வந்தால் வெள்ளம்? வளர்ந்தவருக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. ஒரு கிலோ உப்பில் 20 மில்லிகிராம் அயடீன் இருந்தால், 5 கிராம் உப்பிலேயே 100 மைக்ரோகிராம் வந்துவிடுகிறது. மீதியை மீன், முட்டை, பால் கொடுக்கும். ஐரோப்பிய வல்லுநர்கள் வைத்திருக்கும் மேல் எல்லை 600. இனிக் கப்சூலைப் பார்ப்போம். கடைகளில் விற்கும் பாசி உற்பத்திகளைச் சோதித்த ஒரு ஆய்வில் ஒரு கிராமுக்கு 16 மைக்ரோகிராமிலிருந்து 8000க்கு மேல் வரை அயடீன் இருந்தது. குறைந்தது சுஷி சுற்றும் நோரியில், கூடியது கோம்பு இனத் தூளில். நடுத்தரமாக 1000 என்றே வைத்தாலும், 500 மில்லிகிராம் கப்சூல் இரண்டில் 1000 மைக்ரோகிராம். தூள் கடைசி வகையைச் சேர்ந்ததானால் 8000. பெயர்ச்சீட்டில் "கெல்ப் (பெரும் பழுப்புப் பாசி) 500 மி.கி." என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த இரண்டில் எதை விழுங்குகிறோம் என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

இங்கேதான் பொறி இருக்கிறது. முடிச்சுள்ள ஒருவர் அந்தக் கப்சூலைச் சில கிழமைகள் குடித்தால் எடை உண்மையாகவே குறையலாம். "மருந்து வேலை செய்கிறது" என்று அடுத்த போத்தலும் வாங்குவார். கரைந்தது கொழுப்பு மட்டுமல்ல. தசையும் கரையும், எலும்பும் தேயும். நெஞ்சு படபடப்பு, நீட்டிய விரல்களில் நடுக்கம், இளகிய மலம், நித்திரையின்மை, நுவரெலியாக் குளிரிலும் போர்வையை உதறும் வியர்வை ஆகியவை கூட வரும். வயதானவர்களில் இதயத் துடிப்பு தாறுமாறாகி, அதனால் பக்கவாதம் வரையும் போகலாம். 1870களில் அமெரிக்காவில் எடை குறைக்க விற்ற போத்தல் மருந்தொன்றும் பழுப்புப் பாசிச் சாறுதான்; நூற்றைம்பது வருடங்களாகச் சரக்கு அவ்வளவாக மாறவில்லை. வேறு சிலருக்கு, குறிப்பாகச் சுரப்பியைத் தன் உடலே தாக்கும் நோயுள்ள பெண்களுக்கு, இதே அயடீன் சுரப்பை அடக்கிவிடும். எடை கூடும், உடம்பு வீங்கும், மலச்சிக்கல் வரும். மெலிய வாங்கிய மருந்தால் பருமனாவதும் நடக்கும்.

இதில் ஒரு சொற்குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். நம் கடைத்தெருவில் "கடற்பாசி" என்று கேட்டால் கிடைப்பது நோன்புக் காலத்தில் காய்ச்சும் வெள்ளை இழைகள். அது சிவப்புப் பாசிகளிலிருந்து எடுத்த அகார். புத்தளம், திருகோணமலைப் பக்கம் வளரும் கஞ்சிப்பாசியும் அந்த இனம்தான். வடக்கில் கயிற்றில் கட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸும் சிவப்பு வகையே. அதிலிருந்து வருவது கராஜீனன். இவை எதிலும் சொல்லும்படியாக ஃபியூகோசாந்தின் இல்லை. ஆகவே "இலங்கைக் கடற்பாசி, கொழுப்பை எரிக்கும்" என்று எழுதியிருந்தால் எந்தப் பாசி என்று கேளுங்கள். ஸ்பிருலினாவையும் இந்த வரிசையில் வைத்து விற்கிறார்கள். அது கடலில் விளைவதே அல்ல. காரத்தன்மை கொண்ட ஏரி நீரில், தொட்டிகளில் வளர்ப்பது.

அகாரைக் குறை சொல்ல வரவில்லை. எங்களைக் கேட்டால் இந்த அலுமாரியிலேயே மலிவானதும் நேர்மையானதும் அதுதான். குடலில் செரிக்காது, தண்ணீரைப் பிடித்து வயிற்றில் இடம் பிடிக்கும், அவ்வளவே அதன் வேலை. 5 கிராம் இழையை அரை மணி நேரம் ஊறவிட்டு 500 மில்லிலீற்றர் தண்ணீரில் காய்ச்சினால் நான்கு பேருக்குக் காணும். கொழும்பில் சொல்லித்தரும் நேரம் இங்கே போதாது. அகார் கரைய 85 முதல் 95 பாகை வரை வேண்டும். 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. நுரை தள்ளுகிறதே என்று இறக்கிவிட்டால் அடியில் கரையாத இழை நிற்கும், மேலே தண்ணீராக இருக்கும். கரண்டியைத் தூக்கிப் பார்த்து ஒரு இழையும் தெரியாத வரை, மூடி போட்டு, மெல்லிய நெருப்பில் விடுங்கள். தேசிக்காய் பிழிவதென்றால் இறக்கிய பின் பிழியுங்கள். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் இறுகாது. 40 பாகைக்குக் கீழே வந்ததும் தானாக உறையும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு ஒரு சிறு கிண்ணம். சீனியும் டின்பாலும் ஊற்றினால் கதை கெட்டது: டின்பால் 100 கிராமில் மட்டும் 320 கலோரி. ஒன்று மட்டும் வேண்டாம்: அகார் தூளையோ அல்ஜினேட் தூளையோ உலர்ந்தபடி வாயில் போட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பது. தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும்.

அல்ஜினேட் பழுப்புப் பாசியின் நார். டென்மார்க்கில் 2012இல் வெளியான 12 வாரச் சோதனையில் 96 பேர் சேர்ந்தார்கள். உணவைக் குறைத்ததோடு, சாப்பாட்டுக்கு முன் அல்ஜினேட் பானமும் குடித்து முடித்தவர்கள் 6.78 கிலோ குறைந்தார்கள். உணவை மட்டும் குறைத்து வெறும் பானம் குடித்தவர்கள் 5.04 கிலோ. இடையில் விட்டுப்போனவர்களையும் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் நிலைக்கவில்லை. ஏன் விட்டுப்போகிறார்கள் என்பதை அந்தப் பிசுபிசுப்பைக் குடித்துப் பார்த்தால் புரியும். அவர்கள் குடித்ததோ கிராம் கணக்கில். 500 மில்லிகிராம் கப்சூலால் அந்த வேலை ஆகாது.

கைட்டோசானின் கதை இன்னும் மெலிவு. இறால், நண்டுக் கோதைக் கழுவி, நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பை நீக்கி, நீர்த்த சோடாவில் புரதத்தை நீக்கினால் கைட்டின். அதை 40 முதல் 50 வீதச் சூடான எரிசோடாவில் வைத்தால் கைட்டோசான். இந்தக் கடைசிப் படி குறையாக நின்றால் அது இரைப்பை அமிலத்தில் கரையவே கரையாது, மணல் விழுங்கிய மாதிரி. புரதம் சரியாகக் கழுவப்படாவிட்டால் இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு உடம்பு தடித்துவிடும். எல்லாம் சரியாக நடந்தால், இரைப்பையில் கரைந்து குடலில் கொழுப்போடு திரளும் என்பது கோட்பாடு. அளந்து பார்த்தபோது ஆண்களில் நாளைக்கு 2 கிராமுக்கும் குறைந்த கொழுப்பே வெளியேறியது, பெண்களில் அதுவுமில்லை. 2 கிராம் கொழுப்பு 18 கலோரி. வெறுந்தேத்தண்ணியில் ஒரு கரண்டி சீனியைக் குறைத்தால் அதே கணக்கு வந்துவிடும், காசும் மிச்சம். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2008இல் 15 சோதனைகளைச் சேர்த்துச் செய்த மீளாய்வில் சராசரி 1.7 கிலோ வித்தியாசம் தெரிந்தாலும், தரமான சோதனைகளை மட்டும் எடுத்தபோது அது ஒன்றுமில்லை என்கிற அளவுக்குச் சுருங்கியது. இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்பரின் குடிப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் குடிப்பவர்கள் இதற்கும் அந்த மாத்திரைக்கும் இடையில் நாலு மணி நேரமாவது விட வேண்டும்.

மீனெண்ணெய் எடையைக் குறைப்பதில்லை. இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு மிகக் கூடியவர்களுக்கு மீனெண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பமிலங்களான ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. நாளைக்கு 2 முதல் 4 கிராம் கொடுப்பது வைத்தியரின் தீர்மானம். 1000 மில்லிகிராம் கப்சூலில் அவை இரண்டும் சேர்த்துப் பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான் என்பதால் தானாக இரண்டு குடித்து அங்கே போய்ச் சேர முடியாது. சாளை கிடைக்கும் நாளில் குழம்பு வைப்பது மேல். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதைப் பிரஷர் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடலில் மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. கடற்பஞ்சிலிருந்து வந்த வழியில் பிறந்த சைட்டராபின் 1969இலிருந்து இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. கூம்பு நத்தையின் நஞ்சைப் பின்பற்றிய வலிநிவாரணி 2004இல் அனுமதி பெற்றது. உடற்பருமனுக்கு மட்டும் கடலுயிரிலிருந்து இன்னும் ஒரு மருந்து அனுமதி பெறவில்லை. குடலில் கொழுப்பைத் தடுக்கும் ஓர்லிஸ்டாட்கூட மண்ணில் வாழும் நுண்ணுயிரின் வழி வந்தது. ஆனாலும் எடை குறைக்க இன்று எல்லோரும் பேசும் செமாகுளுட்டைட் ஊசியின் வம்சாவளியில் ஒரு மீன் நிற்கிறது. 1982இல் தூண்டில் மீனின் சதையியில் குளுக்ககோன் என்ற ஹோர்மோனின் மரபுச் செய்தியைப் படித்தவர்கள், அதே இழையில் அதைப் போன்ற இன்னொரு துண்டும் இருப்பதைக் கண்டார்கள். அந்த வகை ஹோர்மோனை மனிதரில் தேடியபோது கிடைத்ததுதான் ஜி.எல்.பி.1; அதைப் போலச் செய்ததே இந்த ஊசி. மீனைத் தின்றதால் வந்த மருந்தல்ல அது. மீனைப் படித்து, நாற்பது வருடங்கள் உழைத்து வந்தது.

ஒரு எச்சரிக்கை தனியாக. "பாசி" என்று விற்கும் எந்தக் கப்சூலும் ஒரு கிழமைக்குள் பசியை அடியோடு நிறுத்தி, வாயை உலர வைத்து, பிரஷரை ஏற்றினால் அது பாசியின் வேலையல்ல. 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெறப்பட்ட சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து இப்படி மூலிகை, பாசிப் பெயர்களில் கலந்து வருவது உலகெங்கும் பிடிபட்டிருக்கிறது. போத்தலை எறிந்துவிடாமல் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் எல்லைக்குள், மருந்தா உணவா என்று சொல்ல முடியாத பொருட்களும் வருகின்றன. பாசிக் கப்சூல் ஒவ்வொன்றிலும் பாசியின் இனம், ஒரு கப்சூலில் உள்ள அயடீன் மைக்ரோகிராம் கணக்கில், செயற்படும் சேர்வையின் அளவு, ஆசனிக் சோதனை முடிவு ஆகிய நான்கையும் தமிழிலும் அச்சிட வைக்கும்படி கேட்கிறோம். ஆசனிக் ஏனென்றால், ஹிஜிக்கி என்ற பழுப்புப் பாசியை அதிலுள்ள கனிம ஆசனிக் காரணமாக உண்ண வேண்டாம் என்று பிரித்தானிய உணவு அதிகாரிகள் 2004இலேயே சொல்லிவிட்டார்கள். அச்சு வரும்வரை பாமசியில் நிற்பவர்கள் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: கழுத்தில் வீக்கமோ தைரொயிட் மாத்திரையோ உண்டா, வார்பரின் குடிக்கிறீர்களா, பிள்ளைத்தாய்ச்சியா அல்லது பால் கொடுக்கிறீர்களா. ஒன்றுக்கு ஆம் என்றாலும் விற்காதீர்கள்.

ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிட்டு, தைரொயிட்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். முடி, நகத்துக்கென்று பயோட்டின் என்ற விற்றமின் சேர்த்த கலவையானால் இரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே அதை விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் பிழையான எண் காட்டும். முடிவு நன்றாக இருந்தாலும் ஆறு கிழமைக்குப் பின் மறுபடி பாருங்கள், அயடீன் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். போகும்போது தோட்ட டிஸ்பென்சரிக்கோ கிளினிக்குக்கோ போத்தலையும் பெயர்ச்சீட்டோடு கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளர்களும் ஊட்டச்சத்து ஆசிரியர்களும் சிலர்,
ஹட்டன்.